கொத்தனார் பிள்ளையும் ஆர்க்கிடெக்ட் ஆகலாம்

விதான சௌதாவைப் பார்த்து வியக்காதவர் இல்லை. 1951-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1956-ல் எழுந்து நின்ற அந்தக் கருங்கல் மாளிகையை வடிவமைத்தவர் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த பி.ஆர்.மாணிக்கம்.

பெங்களூரின் கட்டடங்களில் நம்மவர் வியர்வை நிறையவே கலந்திருக்கிறது. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து கொத்தனாராகவும் சித்தாளாகவும் பாடுபடுவோர் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் வரைபடம் போடும் மேசைக்கு வந்து சேர்ந்தவர் எத்தனை பேர்?

அறிவுக் குறைவு அல்ல, வழி தெரியாததே காரணம். பி.யு.சி.யில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். அப்பாடங்கள் அடங்கிய மூன்றாண்டு டிப்ளமோ படித்தவரும் சேரலாம். பிறகு 'நாட்டா' நுழைவுத் தேர்வு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றில் சேர ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். அடுத்து ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பு, அலுவலகப் பயிற்சியும் அதில் அடக்கம். முடித்ததும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயர்ப்பலகை மாட்டக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம்.

"பட்டம் இல்லாமலே பிளான் போடுகிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். சட்டம் காப்பது பட்டப் பெயரைத்தான், வடிவமைக்கும் வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2020-ல் தீர்ப்பளித்தது. ஆனால் மேஸ்திரியின் அனுபவம் எவ்வளவு பெரிதானாலும், அந்தப் பெயரும் அதற்குரிய மதிப்பும் படித்துப் பதிந்தவருக்கே கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் ஏன் அதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

இந்தக் கதவு பி.யு.சி. முடிந்தபின் மூடுவதில்லை, பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே மூடிவிடுகிறது. சீக்கிரம் சம்பளம் வரட்டும் என்று காமர்ஸில் சேர்த்துவிட்டால் இயற்பியல் போயிற்று. இயற்பியலோடு இந்தப் படிப்பும் போயிற்று. பெற்றோர் அந்த வேளையில் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

ஐந்தாண்டுச் செலவு சிறியதல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே இது பெற்றோர் பொறுப்பு மட்டுமன்று. அல்சூர் தமிழ்ச் சங்கமும் பேட்டைதோறும் உள்ள நம் மன்றங்களும் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு நடத்தலாம். தேர்வுக் கட்டணத்துக்கு உதவலாம். ஒரு விழாப் பந்தல் செலவில் சில பிள்ளைகள் தேர்வெழுதிவிடுவார்கள்.

தளம் எங்கே ஒழுகும், சுவர் ஏன் விரியும் என்பதை அப்பனின் தோளருகே நின்று கண்ட பிள்ளைக்கு, பாதிப் பாடம் முன்பே தெரியும். மீதிப் பாதிக்கு வழிகாட்டுவது நம் கடமை.