தரையைத் தேய்க்குமுன் ஒரு வார்த்தை



கிரைண்டர் என்றதும் தாய்மார்களுக்கு மாவரைக்கும் இயந்திரந்தான் நினைவுக்கு வரும். நான் இன்று எழுத வந்தது வேறு கிரைண்டர். இரும்பு அறுக்கவும் சிமெண்டுத் தரையைத் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டுகிறார்களே, அந்தக் கைக் கிரைண்டர். சமையலறைக் கிரைண்டர் அரைக்கும் மாவு வயிற்றுக்குப் போகிறது. இது அரைக்கும் மாவு எங்கே போகிறது என்பதுதான் இன்றைய பாடம். பிழை செய்து கற்ற பாடம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்துமலையில் எங்கள் தாமான் வீட்டின் முன்புறம் கார் நிறுத்தும் இடம் இருக்கிறது. இருபதடி நீளம், பத்தடி அகலம், சிமெண்டுத் தரை. பூசியிருந்த சாயம், சூடான டயர் பட்டுப் பட்டுத் தோல் தோலாக உரிந்துவிட்டது. அதன்மேலேயே புதுச் சாயம் பூசினால் அதுவும் உரியும், பழையதைத் தேய்த்தெடுத்துத் தரையைச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும் என்றார் கடைக்காரர். தீபாவளிக்கு மூன்று வாரமே இருந்தது.

தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் சில்லறைக் கட்டட வேலைகள் செய்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கே ஏழு வயதில் மகள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவளையும் அழைத்துக்கொண்டு வந்தான்.

பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்தது. தூசி பறந்து சண்டை வரக்கூடாதே என்று, சுற்றிலும் தார்ப்பாய் கட்டச் சொன்னவள் நான்தான். வீட்டுக் கதவு, சன்னல்களையும் அடைத்துக்கொண்டேன். அவன் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். கால்மணி நேரத்தில் ஆளே தெரியவில்லை. தேநீர் கொண்டுபோனபோது, தைப்பூசத்தன்று உடலெங்கும் திருநீறு பூசியவனைப்போல் நின்றான். அதைச் சொல்லி நானும் சிரித்தேன். மகள் ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தூசியில நிக்காதம்மா, இருமல் வரும்" என்றான் அவளிடம்.

"உனக்கு வராதா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பழகிப்போச்சு டீச்சர்."

பாதித் தரை முடிந்ததோடு அன்று போய்விட்டான். மாலையில் விளக்கேற்றச் சாமி அறைக்குள் போனேன். பகல் முழுவதும் அடைத்தே கிடந்த அறை. முருகன் படத்தின் கண்ணாடிமேல், விரலால் பெயரெழுதலாம் போல் வெண்படலம். என் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அடைத்த கதவைத் தாண்டி வந்த தூசிக்குக் கைக்குட்டை எம்மாத்திரம்?

அதன்பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கான்கிரீட் என்பது சிமெண்டு மட்டுமல்ல. அதில் மணலும் கருங்கல் சல்லியும் உண்டு. இவை இரண்டிலும் இருப்பது சிலிக்கா என்னும் பொருள். நம் பத்துமலைக் குன்று சுண்ணாம்புக்கல். அதில் சிலிக்கா சொற்பம். மணலிலோ பெரும்பகுதி அதுவே. அம்மி கொத்துகிறவர் உளியால் கொத்தும்போது பறக்கும் பொடியில் பெரும்பகுதி காலடியில் விழுந்துவிடும். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும் வட்டு அப்படியல்ல. கல்லை மாவினும் மாவாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அதை விழுங்கும். செரிக்க முடியாமல் தாமே மடியும். அந்த இடம் தழும்பாகும். தழும்பு மேல் தழும்பாகி நுரையீரல் விறைத்துப்போவதற்குத்தான் சிலிக்கோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு கழித்தே மூச்சு வாங்கத் தொடங்கும். தூசி மிக அதிகமானால் சில ஆண்டுகளிலேயே வரும். தழும்பை மாற்ற மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். இந்தத் தூசி நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணம் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் அறிவித்தது.

எவ்வளவு தூசி ஆபத்து? அமெரிக்கா 2016இல் விதித்த வரம்பு, எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். என் வீட்டு முன்புறத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தார்ப்பாய்க்குள் இருந்த காற்று முழுவதற்கும், ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! அன்று வாளி வாளியாக அள்ளிக் கொட்டினோம்.

நம்மவர்களுக்கு இது புதிய நோயுமல்ல. நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டக் கப்பலேறிய காலத்தில், வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் பலர் மைசூர் நாட்டின் கோலார் தங்க வயலுக்குப் போனார்கள். அங்கே தங்கம் இருந்தது சிலிக்காப் பாறையின் இடுக்கில். அதைத் துளைத்தவர்கள் தூசியைத் தின்றார்கள். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1947இல், அந்தக் கோலாரிலிருந்துதான் என்பார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களும் "பழகிப்போச்சு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நெஞ்சு எதற்கும் பழகுவதில்லை, வாசகர்களே, பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மீதித் தரைக்கு என்ன செய்தோம் தெரியுமா? தார்ப்பாயைக் கழற்றினோம். வட்டைச் சுற்றி மூடி பொருத்தி, அதிலிருந்து குழாய் வழியாகத் தூசியை இழுக்கும் உறிஞ்சியோடு கிரைண்டரை வாடகைக்கு எடுத்தோம். அந்த உறிஞ்சியில் 'ஹெப்பா' வடிகட்டி இருக்க வேண்டும். வீட்டில் பெருக்கும் சாதாரண உறிஞ்சி, பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு நுண்தூசியைப் பின்னால் ஊதிவிடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 கவசம், கண்ணாடி, காதடைப்பு எல்லாம் போட்டுக்கொண்டான். வாடகை அவன் கூலியில் பாதிக்குமேல் வந்தது, நானே கொடுத்தேன். வேலை முடிந்தபோது பக்கத்து வீட்டுத் துணி வெளுத்தபடியே இருந்தது. "இப்பத்தான் டீச்சர், வேலை முடிஞ்சும் என் கறுப்புச் சட்டை கறுப்பாவே இருக்கு" என்றான்.

இன்னும் சில குறிப்புகள். தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் தூசி அடங்கும். ஆனால் சாதாரண மின்சாரக் கிரைண்டரும் தண்ணீரும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்று செய்த இயந்திரந்தான் வேண்டும். காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உறிஞ்சியால் எடுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். வட்டின் காப்பு மூடியைக் கழற்றாதீர்கள். வேலை உடுப்பை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். தரை பெரிதானால், நின்று தள்ளும் தரை இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். கைக் கிரைண்டர் ஓரங்களுக்குப் போதும். பல ஆண்டு இந்த வேலை செய்தவர்கள், மருத்துவரிடம் தொழிலைச் சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். சுயதொழில் செய்பவர்களுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ திட்டம் உண்டு, விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள்.

வேலைக்கு ஆள் வைக்கும் நமக்கும் ஒரு வீட்டுப்பாடம். "எவ்வளவு கூலி? எப்போது முடியும்?" என்று இரண்டு கேள்வி கேட்கிறோம். "தூசி உறிஞ்சி இருக்கிறதா?" என்று மூன்றாவதையும் கேட்போம். இல்லையென்றால் வாடகையை நாம் கொடுப்போம். தீபாவளிக்குத் தரை பளபளத்தது. அதில் கோலம் போட்டவள் அந்தச் சின்னப் பெண்தான். அவள் அப்பா நெடுங்காலம் நல்ல மூச்சோடு இருக்க வேண்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.