மெத்தைக்கு உள்ளே என்ன இருக்கு?

கல்யாண சீர் வாங்கப் போகும் உழவர் குடும்பங்கள் மெத்தைக் கடையில் முதலில் கேட்பது, "என்ன கம்பெனி?" "உள்ளே என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கவேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான்.

ஆரணிக்காரர்கள் பட்டுப்புடவையை இப்படி வாங்குவதில்லை. சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்போம். ஒரு நூலைக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருதா என்று மோந்து பார்ப்போம். நம்ம ஊர்த் தறியில் நெய்த புடவை வெளியூர்க் கடையின் பெயர் போட்ட பெட்டிக்குள் போவதும் நமக்குத் தெரியும். பெட்டி வேறு, சரக்கு வேறு. மெத்தைக்கும் இதே கதைதான்.

ஃபோம் மெத்தை என்றால் அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான் கணக்கு. ஆறு அங்குலம் என்று கனத்தை மட்டும் காட்டினால் போதாது. அடர்த்தி குறைந்தால் சீக்கிரமே நடுவில் பள்ளம் விழும். தென்னை நார் மெத்தை என்றால், ரப்பர் பால் சேர்த்த நார் முழுக்க இருக்கிறதா, மேலும் கீழும் நார் வைத்து நடுவே ஃபோமா என்று உறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இலவம் பஞ்சு மெத்தையை மறந்துவிட்டோம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் அதற்குப் பேர் போனது. இலவம் இழை குழல் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் தண்ணீரில் லேசில் நனையாது, மிதக்கும். ஒரு பிடி எடுத்து நீரில் போட்டுப் பாருங்கள். மில் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால், அது நனைந்து கீழே இறங்கலாம். கண்ணெதிரே பஞ்சை எடைபோட்டுத் திணிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

குறையும் உண்டு. இலவம் மெத்தை அமுங்கும், கட்டி தட்டும், அடிக்கடி வெயில் காட்டணும். முதுகுவலிக்காரர்களுக்கு நார் மெத்தைதான் தோதுப்படலாம். ஆனால் இலவம் மெத்தையைப் பிரித்து, பஞ்சை உதறிக் காயவைத்து, குறைந்ததைச் சேர்த்து மறுபடி தைக்கலாம். பள்ளம் விழுந்த ஃபோமை என்ன செய்வது? குப்பைக்குப் போகும், மக்காது.

வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன் என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன். விலையை, உழைக்கும் ஆண்டுகளால் வகுங்கள். உதாரணத்துக்கு, 16,000 ரூபாய் மெத்தை 8 ஆண்டு உழைத்தால் வருஷத்துக்கு 2,000. 9,000 ரூபாய் மெத்தைக்கு நடுவில் மூன்று முறை ஆயிரம் ஆயிரமாகச் செலவழித்து 12 ஆண்டு வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,000. வாரன்டி அட்டையையும் முழுசா படியுங்கள். இத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால்தான் செல்லும் என்று பொடி எழுத்தில் இருக்கும். தவணையில் வாங்கினால் செயலாக்கக் கட்டணத்தையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் அரிசியை வாங்க வருகிறவர் பாக்கெட்டில் உள்ள பெயரைப் பார்க்காமல், எப்படி விளைந்தது என்று கேட்கணும் என எதிர்பார்க்கிறோம். அந்தக் கேள்வியை, வாங்கும் இடத்தில் நாமும் கேட்கவேண்டாமா? நாம் கேட்டால்தான் வரப்போரத்து இலவமரத்துக்கும், மெத்தை தைக்கும் கைகளுக்கும் வேலை இருக்கும். கேட்காவிட்டால் அவர்கள் இலவு காத்த கிளிகள்தான்.