குத்திக்காட்டினால் பூச்சிமருந்து குறையாது

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் மிகுதி என்று 2015-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னதிலிருந்து ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: “ஊரார் பிள்ளைக்கு விஷம் கொடுக்கிறோமே என்று விவசாயிக்கு மனசு உறுத்தினால் போதும், தானே நிறுத்திவிடுவார்.” எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

உறுத்தல் இல்லாததால்தான் அடிக்கிறார் என்பதே முதல் தவறு. வீட்டுக்கென்று நாலு செடியை மருந்தடிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. “பாருங்கள், தெரிந்தே செய்கிறார்கள்” என்று அதையும் குற்றமாகக் காட்டுகிறார்கள். தெரிந்தேதான். அப்படியென்றால் உறுத்தல் ஏற்கெனவே இருக்கிறது. அது அந்த நாலு செடியோடு ஆறிவிட்டது; மீதி வயலில் எதுவும் மாறவில்லை. உறுத்துகிற மனசு முதலில் தேடுவது ஆறுதலைத்தான்.

அடிப்பதும் விடுவதும் அவர் இஷ்டம் என்பது அடுத்த வாதம். கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. அதனால் முன்கூட்டியே, திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். கமிஷன் கடையில் மூட்டையைப் பிரித்ததும் கண் போவது சொத்தைக் காய்க்குத்தான். சொத்தை தெரிந்தால் விலை விழும். மருந்தடித்தபின் இத்தனை நாள் பறிக்காதே என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறது. பொறுத்தால் காய் முற்றிவிடும். எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்பவர் பல இடங்களில் அதைக் கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரர். இப்படி நாலு பக்கமும் நெருக்கி நிறுத்திவிட்டு “உன் மனசாட்சியைக் கேள்” என்பது கொடுமை. பளபளக்கும் காயைத்தான் வாங்குவேன் என்று பொறுக்கும் நம்மை யாரும் கேட்பதில்லை.

குற்ற உணர்வு உள்ளவர் செய்த தவறைச் சரிசெய்ய முனைவார், அவமானப்பட்டவர் ஒளிவார் என்று உளவியலாளர் ஜூன் டாங்னி காட்டியிருக்கிறார். ஏற்கிறேன். ஆனால் சரிசெய்யும் வழி கைக்கெட்ட வேண்டும். மேடையில் வைத்து விஷம் விற்பவன் என்றால் மிஞ்சுவது அவமானம்தான். பிறகு அதிகாரி வந்து கேட்டாலும் “வேப்பெண்ணெய்தான் அடித்தேன்” என்ற பதில்தான் வரும்.

உறுத்தாமல் யார் மாறுவார் என்கிறார்களே, மாறியிருக்கிறார்கள். இந்தோனேசியாவில் மருந்து, நெற்பூச்சியான புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்று, புகையானைப் பெருக்கியது. 1986-இல் அரசு 57 மருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது. மருந்து மானியத்தைப் படிப்படியாக நிறுத்தியது. வயலிலேயே பள்ளி நடத்தி, எது பகை, எது துணை என்று பூச்சிகளைப் பிடித்துக் காட்டியது. வியட்நாமில் 1994-இல் “நெல் விதைத்த முதல் 40 நாள் மருந்தடிக்காமல் ஒரு துண்டு நிலத்தில் பாருங்கள்” என்று வானொலியில் நாடகம் போட்டுச் சொன்னார்கள். விளைச்சல் குறையாததை விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள். மருந்தடிப்பு பாதியாகக் குறைந்தது. கேரளத்தில் எண்டோசல்பான் மருந்தால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டுக் குழந்தைகளின் படங்களை நாடே பார்த்து உருகியது. நாடு முழுவதும் அதை நிறுத்தியதோ 2011-இல் வந்த உச்ச நீதிமன்றத் தடை.

ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையிலோ கள்ளிமந்தயத்திலோ ஒரு கத்தரி வயலில் விவசாயிகளைக் கூட்டி, புழு புகுந்து வாடிய தண்டைக் கிள்ளி அழிப்பதையும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதையும் தோட்டக்கலைத் துறை செய்து காட்டட்டும். மார்க்கெட் பக்கத்திலேயே எச்சம் பரிசோதிக்கட்டும். ஒன்றிரண்டு சொத்தை கலந்த மூட்டைக்கும் வியாபாரிகள் நியாயமான விலை பேசட்டும். அதன்பிறகும் அளவை மீறுகிறவருக்கு அபராதம் போடுங்கள். நான் எதிர்க்க மாட்டேன்.