பேனா விறைச்சுப் போச்சு டீச்சர்!



உங்களில் பலர் எங்கள் உதகைக்கு வந்திருப்பீர்கள். மே மாதம், மலர்க் கண்காட்சி, படகுச் சவாரி... அவ்வளவுதான் ஊட்டி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரைப் பார்க்க ஜனவரி மாத விடியற்காலையில் வரவேண்டும். தலைக்குந்தா புல்வெளி உப்புத் தூவியது போல் வெள்ளை வெளேர் என்றிருக்கும். சில நாள் 0 டிகிரி வரைக்கும் குளிர் இறங்கிவிடும். கார் மேல் படிந்த உறைபனியில் விரலால் பெயர் எழுதலாம். தேயிலை பயிரிடுபவர்களுக்குத்தான் கவலை, கொழுந்து கருகிவிடும். (சொந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. விஷயத்துக்கு வருகிறேன்.)

விஷயம், மைப்பேனா. சில பள்ளிகளில் 'இங்க் பேனா கொண்டு வராதே' என்கிறார்கள். சிந்தும், கறை படியும் என்பது காரணம். அப்படித் தடுக்கக்கூடாது என்பது என் கருத்து. ஒரு காலத்தில் நானும் தடுத்தவள்தான். அதனால்தான் சொல்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஒரு ஜனவரி காலை, முதல் பீரியட், டிக்டேஷன். ஒரு பையன் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். கேட்டால், "பேனா விறைச்சுப் போச்சு டீச்சர். இது தாத்தா பேனா" என்றான். வகுப்பே சிரித்தது. பாவம், பேனாவை ஸ்வெட்டருக்குள் செருகிச் சூடேற்றினான். மறுபடி எழுதத் தொடங்கியதும் பொட்டென்று பெரிய சொட்டு! அவன் நோட்டு, பக்கத்துப் பெண்ணின் நோட்டு, இரண்டும் நீலம். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். சாக்பீஸால் மையை ஒற்றி எடுத்தேன். பேனாவைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அவன் செய்த தப்பு என்ன, யோசித்துப் பாருங்கள். குளிரில் மை கொஞ்சம் கெட்டிப்பட்டு மெதுவாகத்தான் இறங்கும். பேனாவைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மையை வெளியே தள்ளும். பாதி தீர்ந்த பேனாவில் காற்று அதிகம், அதனால் சொட்டுவதும் அதிகம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி வருபவர்களின் சட்டைப்பை நீலமாவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் இங்கே. வெளியே அழுத்தம் குறையக் குறைய, பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரியும். பேனாவை முழுக்க நிரப்பி, நிப் மேலே பார்க்கும்படி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதையெல்லாம் அன்றைக்கே அந்த வகுப்புக்குச் சொல்லியிருக்கலாம். எவ்வளவு அருமையான அறிவியல் பாடம்! நான் தண்டனை கொடுத்தேன்.

பால்பாயிண்ட் பேனா வசதிதான், மறுக்கவில்லை. தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாது. ஆனால், எழுதித் தீர்ந்ததும் தூக்கி எறிகிறோமே! எங்கள் மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. பேனாவை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. உங்கள் வகுப்புக் குப்பைக்கூடையில் எத்தனை கிடக்கின்றன என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். மைப்பேனாவோ மை ஊற்ற ஊற்ற வருடக்கணக்கில் எழுதும். கறைதான் பயம் என்றால், மை ஊற்றவும் கழுவவும் ஒரு பீரியட் சொல்லிக் கொடுக்கும்படி உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.

அந்தப் பேனாவை வருடக் கடைசியில் திருப்பித் தரலாம் என்றிருந்தேன். மறந்துவிட்டேன். அவன் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பமே கீழே போய்விட்டது. நான் ஓய்வு பெற்ற அன்று பீரோவைக் காலி செய்தபோதுதான் பேனா கிடைத்தது. மை காய்ந்து இறுகியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நீலம் போகும்வரை கழுவினேன். (கொதிக்கும் தண்ணீர் கூடாது, பேனா வளைந்துவிடலாம்.) மை ஊற்றியதும் எழுதியது! மூடியில் பல் தடம் இருக்கிறது. தாத்தாவுடையதோ, பேரனுடையதோ.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை நாலு வரி எழுதிப் பார்த்து வைக்கிறேன். அவன் வந்து கேட்கும்போது காய்ந்து கிடக்கக்கூடாதே!