நாடக சிகிச்சையாளர் பயிற்சி: எங்கள் நிலைப்பாடு

நாடக சிகிச்சையாளர் ஆக எவ்வளவு காலம் படிக்க வேண்டும் என்று நாடகக் கலைஞர்களும் உளவியல் மாணவர்களும் கேட்கிறார்கள். முதுநிலைப் படிப்பையும், மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளோடு பணியாற்றும் பயிற்சியையும் முடிக்காத எவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. வார இறுதிப் பட்டறையில் கிடைக்கும் சான்றிதழ் அதற்குப் போதாது.

இந்தச் சிகிச்சையின் வலிமை எதுவோ, ஆபத்தும் அதுவே. தன் துயரத்தைச் சொல்ல நா எழாத ஒருவர், பொம்மையின் வாயாலோ ராஜா வேடத்தின் வழியாகவோ அதைச் சொல்லிவிடுகிறார். தன்னை அடித்த தகப்பனின் வேடத்தை ஒரு பெண் ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமர்வு முடியுமுன் அவர் தோளில் போட்ட துண்டை எடுத்து வைக்க வேண்டும். தகப்பனாக அமர்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து வேறிடத்தில் அமர வேண்டும். தன் பெயரைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும். கூத்துக் கலைஞர் அரிதாரம் கலைப்பதைப் போன்ற இந்தப் படியைத் தவறவிட்டால், கிளறிவிட்ட அச்சத்தோடு அவர் வீடு திரும்புவார். யாருக்கு எந்த வேடம் இப்போது ஆகாது என்று கணிக்க, நடிப்புப் பயிற்சியோடு மனநோய்களைப் பற்றிய அறிவும் வேண்டும்.

பிரிட்டனில் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதுநிலைப் படிப்பு முடித்து அரசின் ஒழுங்குமுறைப் பதிவேட்டில் சேர்ந்தவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். மாணவர்கள் படிப்புக் காலத்தில் தாங்களும் சிகிச்சை பெற்றாக வேண்டும். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுவாழ்வு மன்றம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்கிறது. நாடக சிகிச்சையாளருக்கு அங்கே தனிப் பிரிவு இல்லை.

பட்டம் இல்லாமலே நாடகம் மனத்தை ஆற்றியிருக்கிறதே என்பார்கள். உண்மைதான். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ போர் தந்த மனவடுவை யாழ்ப்பாணத்து மேடைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய அரங்கப் பணிக்கு எந்தத் தடையும் நாங்கள் கோரவில்லை. ஆனால் ஊரார் கூடிப் பார்க்கும் நாடகம் வேறு, ஒருவரின் காயத்தைத் திறக்கும் அமர்வு வேறு. பலன் நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கு இத்தனை படிப்பு எதற்கு என்றும் கேட்கலாம். மனச்சிதைவு நோய்க்கான நாடக சிகிச்சை பற்றி 2007இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, மொத்தம் 210 பேர் பங்கேற்ற 5 ஆய்வுகளையே கண்டது; உறுதியான முடிவுக்கு அவை போதவில்லை. சான்று குறைவாக உள்ள துறையில்தான் எச்சரிக்கையும் முறையான பதிவுகளும் கூடுதலாகத் தேவை. அவற்றைப் பயிற்சி பெற்றவரால்தான் தர முடியும். ஏழைக் கலைஞர்களுக்குக் கதவு அடைபடும் என்ற கவலை நியாயமானது. பயிற்சியைக் குறைப்பது அதற்குத் தீர்வாகாது; மேடை அனுபவத்தைச் சேர்க்கைத் தகுதியாக ஏற்று, உதவித்தொகை வழங்குவதே தீர்வு.

எனவே பல்கலைக்கழகங்கள் மருத்துவமனைகளோடு இணைந்து இந்த முதுநிலைப் படிப்பைத் தொடங்க வேண்டும்; அரசு பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும். சிகிச்சைக்குச் செல்பவர்கள், எங்கே படித்தீர்கள், உங்களை மேற்பார்வையிடுபவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.