அஞ்சு பர்சென்ட்தானே ஸார்!

கட்டட கான்ட்ராக்டில் ஒரு விசித்திரம் கவனித்திருக்கிறேன். வேலை முடிய வேண்டிய தேதியைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். கடைசிப் பைசா கைக்கு வரும் தேதியை மட்டும் லேசில் எழுத மாட்டார்கள்.

பணம் மொத்தமாக வராது. பேஸ்மென்டுக்கு ஒன்று, லிண்டலுக்கு ஒன்று, ரூஃப் கான்கிரீட்டுக்கு ஒன்று என்று தவணை தவணையாக 'ரன்னிங் பில்'. அரசாங்க வேலை என்றால் இன்ஜினீயர் டேப் பிடித்து அளந்து எம்-புக்கில் ஏற்ற வேண்டும். செய்த வேலைக்குத்தான் காசு. நியாயம்.

அந்த பில்லிலும் 'ரிட்டென்ஷன்' என்று ஒரு பிடித்தம். 5 சதவீதம் என்பது சகஜம். இதிலும் நியாயம் இருக்கிறது. மொட்டை மாடி ஒழுகுமா என்பது சித்திரையில் தெரியாது, ஐப்பசி வரவேண்டும். கொஞ்சம் பணம் நம்மிடம் இருந்தால்தான் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்.

"அஞ்சு பர்சென்ட்தானே ஸார்!" என்பார்கள். கணக்குப் போடுங்கள். 10 லட்ச ரூபாய் பில்லில் 50,000 பிடித்தம். சின்ன கான்ட்ராக்டரின் லாபம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1 லட்சம். அதில் சரிபாதி ஓனரிடம், ஒரு வருஷம், வட்டியில்லாமல்! சனிக்கிழமை சாயங்காலம் சித்தாளிடம் போய், "கூலியில அஞ்சு பர்சென்ட் மழைக்கப்புறம் தர்றேம்மா" என்று சொல்லிப் பாருங்கள்.

சப்-கான்ட்ராக்டர் பாடு இன்னும் மோசம். "எனக்கு வந்ததும் தர்றேம்ப்பா" என்பார் பெரியவர். பிரிட்டனில் 1996-ம் வருஷத்துச் சட்டம் இந்த நிபந்தனையே செல்லாது என்றுவிட்டது, மேலே இருப்பவர் திவாலானால் தவிர. நம் ஊரில் 2006-ம் வருஷத்து சிறுதொழில் சட்டம் அதிகபட்சம் 45 நாள் கெடு வைக்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் கட்டட ஒப்பந்தங்களுக்கு அது பொருந்துமா என்பதில் ஹைகோர்ட்டுகளே ஒரே குரலில் பேசவில்லை.

ஆகவே, வேலையை விட்டுவிட்டு கான்ட்ராக்ட் எடுக்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்களே! ரேட் பேசும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம்? பிடித்தம் எந்தத் தேதியில் திரும்பும்? பிடித்தத்துக்கு பதில் பேங்க் காரண்டி கொடுத்தால் ஏற்பார்களா? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"எல்லா வேலையும் முடிஞ்சப்புறம்" என்பது தேதி இல்லை. பணம் தர வேண்டிய ஓனர் வீட்டில் ஏதாவது ஒரு கதவு கிறீச்சிட்டுக்கொண்டேதான் இருக்கும்.