பொருட்குறி இடுவோம்

நமது கல்லூரியின் ஆண்டு மலர்களும், விழா மலர்களும், இலக்கிய மன்றக் குறிப்பேடுகளும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. அறிஞர் வரைந்த கட்டுரைகளும், மாணவர் நிகழ்த்திய சொற்போர்களும் அவற்றுள் நிறைந்துள்ளன. எனினும், கிணற்று நீர் உவராதல் பற்றி முன்னோர் யாது கூறினர் என அறிய விழையும் மாணவன், ஏடுகள் அனைத்தையும் புரட்டினாலன்றி அதனைக் காண்டல் அரிது. ஆண்டும் எழுதியோர் பெயரும் வெளிப்படையாக உள. பொருளோ மறைந்து கிடக்கின்றது. ஆதலின், ஒவ்வொரு கட்டுரைக்கும் சொற்போருக்கும் இரண்டு மூன்று பொருட்குறிகள் இட்டு அகராதிப்படுத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

இவ்வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. புறநானூற்றுப் பாட்டுக்களின் இறுதியில் திணையும் துறையும், பாடினோர் பாடப்பட்டோர் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளமையை யாவரும் அறிவர். வஞ்சித்திணைப் பாட்டு எவை, கையறுநிலைப் பாட்டு எவை எனத் தேடுவோர்க்கு அக்குறிப்புக்கள் இன்றும் வழிகாட்டுகின்றன.

சீர்காழியிற் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், 1933 இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு பொருளை அதன் பல முகங்களாகப் பகுத்து நோக்குவது அம்முறை. இடமும் காலமும் அம்முகங்களுட் சேர்ந்தவை. நூலைத் தட்டில் ஓரிடத்திலேயே வைக்க இயலும். குறியையோ பல இடங்களில் எழுதலாம். உவர்நீர் பற்றிய கட்டுரை, ‘நீர்’ என்பதன்கீழும், ‘கமத்தொழில்’ என்பதன்கீழும், ‘யாழ்ப்பாணம்’ என்பதன்கீழும் நிற்றல் தகும்.

எழுதுவோரே தாம் விரும்பிய குறியை இடுக என்பார் சிலர். ஒருவர் ‘கமம்’ என்பர்; ஒருவர் ‘வேளாண்மை’ என்பர்; பிறிதொருவர் ‘விவசாயம்’ என்பர். ஒன்றைத் தேடுவோன் ஏனைய இரண்டையும் இழப்பான். ஆகவே, எழுதுவோர் குறியை முன்மொழிக. நூலகர் ஒன்றைத் தெரிந்து, ஏனையவற்றின் எதிரே ‘கமத்தொழில் காண்க’ என வரைக. குறிகள் அளவிறந்து பெருகுதலும் தீது; ‘பொது’ என்னும் குறி பெருகுதல் அதனினும் தீது. எல்லாவற்றையும் அடக்கும் குறி எதனையும் காட்டாது.

இஃது அற்ப காரியமெனக் கருதற்க. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பின் பின்னர், எஞ்சிய ஏடு ஒவ்வொன்றும் நமக்கு அருநிதியாயிற்று. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து ஏடுகளை மின்வடிவிற் பேணும் அரும்பணியை மேற்கொண்டது. ஏட்டைப் படமாக்குதல் அதனை அழிவினின்றும் காக்கும். ஆயின், உள்ளே இருப்பது யாதென அறியப்படாத ஏடு, காக்கப்பட்டும் பயன்படாது கிடக்கும்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மேல்வகுப்பு மாணவர் வாசித்துக் குறியை எழுதுக; ஆசிரியர் திருத்துக; வழக்கொழிந்த சொற்களையும் மறைந்த பெயர்களையும் பழைய மாணவர் விளக்குக. மூவரும் ஒருங்கு கூடி ஆற்றுதற்கு இதனினும் ஏற்றதொரு விழாப்பணி யாம் அறியோம். இம்மலரிலிருந்தே தொடங்குவோமாக.